உருளைக்கிழங்கு வேகும்போது தெரிகிற கை

ஹெல்லெவோக்
அக்டோபர் 9

அன்புள்ள ஸ்டெய்னார்,

இங்கே நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லையென்றாலும் நீ சொல்லப் போவதில்லை, அது எனக்குத் தெரிந்ததுதானே. போன் செய்திருக்கலாம். ஆனால் கோடையில் பேசினபோது என்ன நடந்தது? நீ அங்கே மூச்சு விட்டாய், நான் இங்கே மூச்சு விட்டேன், பிறகு "சரி, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டோம். புருஷன் பெண்டாட்டி பேசுகிற பேச்சா அது? அதற்குக் கடிதம் எவ்வளவோ தேவலை.

முதலில் வீட்டு விஷயம். நம் குடியிருப்பில் எல்லா ஜன்னல்களையும் மாற்றப் போகிறார்கள். டிசம்பர் முதல் வாரம். மூன்று அடுக்குக் கண்ணாடி போட்ட புது ஜன்னல். சங்கத் தலைவர் ஓட்வார் மாடி ஏறி வந்து, உள்ளே வரச் சொன்னால் ஷூவைக் கழற்ற வேண்டுமே என்று வாசலிலேயே நின்று பேசு பேசு என்று பேசினார். "வெளிய எவ்வளவு குளிர் அடிச்சாலும் சரி, உள்ள கண்ணாடி வேர்க்கவே வேர்க்காது தோருன். ஒரு சொட்டு தண்ணி நிக்காது" என்றார். வீடு இன்னும் நம் இரண்டு பேர் பெயரிலும்தான் இருக்கிறது. அதனால் உன் சம்மதமும் வேண்டுமாம். சமையலறை ஜன்னலின் கொண்டி தேய்ந்து கிடக்கிறது என்று நான் சொன்னதும், யார் இதை இந்தப் பாடு படுத்தியது என்று வேறு கேட்டார். நீ போவதற்கு முந்தின குளிர்காலம் முழுக்க அதைத் திறந்தே வைத்திருந்தாயே, அந்தப் பெருமை உன்னையே சேரும் என்று சொன்னேன். வெளியே பனி கொட்டுகிறது, நீ ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தினமும் அந்த உறைந்த பீட்சாவைச் சூடு பண்ணிக்கொண்டிருப்பாய். என் கால் விறைத்தது இன்னும் மறக்கவில்லை.

படகில் என் வேலை அப்படியே போகிறது. பழைய படகை எடுத்துவிட்டார்கள். இப்போது ஓடுவது பேட்டரிப் படகு. உன் ஆட்கள் செய்கிற சரக்கு அதற்குள்ளும் இருக்குமோ என்னவோ. எஞ்சின் சத்தமே கிடையாது. முன்பெல்லாம் படகு துறைக்கு வரும்போது நம் அலமாரித் தட்டுகள் கிணுகிணுவென்று ஆடும், ஞாபகம் இருக்கிறதா? இப்போது சத்தமில்லாமல் வந்து நின்றுவிடுகிறது. எனக்கு அது பிடிக்கவே இல்லை. கேன்டீனில் அப்பம் மட்டும் பழையபடி விற்கிறது.

இன்னொரு விஷயம். அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் மேலே இவ்வளவு வளவளத்தேன்.

நீ போனதிலிருந்து நான் வீட்டில் ஒன்றும் சமைக்கவில்லை. படகிலேயே சாப்பிட்டுவிடுவேன். போன ஞாயிற்றுக்கிழமை என்னவோ ஆசை வந்து உருளைக்கிழங்கு வேக வைத்தேன். சமையலறைக் கண்ணாடி முழுக்க நீராவி படிந்தது. அதில் ஒரு கை தெரிந்தது. சின்னக் கை. நம் இல்வாவின் கை.

நான் குடிக்கவில்லை, மாத்திரையும் போடவில்லை. துணி எடுத்துத் துடைத்தேன். மறுநாள் மறுபடி வேக வைத்தேன். அதே இடத்தில் வந்தது. அன்றிலிருந்து தினமும் உருளைக்கிழங்குதான். சாப்பிட ஆள் இல்லை, கடல்காகங்களுக்குப் போடுகிறேன். இதற்குள் அவை ஜன்னலடியில் கூட்டம் போட ஆரம்பித்துவிட்டன.

கையைப் பார்த்துக்கூட நான் பயப்படவில்லை. அது இருக்கிற உயரத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறேன். அவள் போகும்போது நாலு வயது. அடுப்பு மேடைக்கு மேலே தலைகூடத் தெரியாது. ஒரு தடவை விழுந்து நெற்றி கிழிந்த பிறகு மேடையில் ஏறவே கூடாது என்று நான் போட்ட சட்டம் உனக்குத் தெரியும். இந்தக் கை என் தோளுக்கு நேரே இருக்கிறது. இன்றைக்கு இருந்திருந்தால் அவளுக்கு ஆறரை வயது. எம்பிக் கையைத் தூக்கினால் அந்த உயரம் எட்டும். நான் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கணக்குப் பார்த்தேன்.

ஸ்டெய்னார், அவள் அங்கே வளர்ந்துகொண்டிருக்கிறாளா?

தோருன்


பூடோ
அக்டோபர் 17

அன்புள்ள தோருன்,

உன் கடிதம் வந்தது. மூன்று முறை படித்தேன். நீ பயப்படாதே. முதலில் அந்தப் பாத்திரத்தை இறக்கி வை, கொஞ்ச நாள் சூப்பு பாக்கெட் ஏதாவது வாங்கிச் சாப்பிடு.

அவள் வளரவில்லை தோருன். எழுதவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் வளரவில்லை. அந்தக் கைக்குக் காரணம் நான் உன் மிக்ஸியைக் கெடுத்த கதைதான்.

பழைய சுரங்கத்திலிருந்து அந்தச் சாம்பல் நிறக் கல்பொடியைக் கொண்டு வந்து, பாத்திரம் கழுவுகிற சோப்பும் தண்ணீரும் ஊற்றி, உன் மிக்ஸியில் அரைத்துக்கொண்டிருந்தேனே, அந்த நாட்கள். அதன் பிறகு நீ சுட்ட வாஃபிள் எல்லாம் சாம்பல் நிறத்தில் வந்தது. நீ என்னைத் திட்டின திட்டு கீழ்வீட்டுக்காரர்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். அந்தக் கல் ஆயிரக்கணக்கான தாள் அடுக்கின கட்டு மாதிரி. ஒரு தாள் மேல் இன்னொரு தாள் வழுக்கும். அதனால்தான் இயந்திரங்களில் எண்ணெய் நிற்காத இடத்தில் அதைப் பூசுகிறார்கள். சோப்புத் தண்ணீரில் போட்டு அடித்தால் தாள் தாளாகப் பிரியும். பேட்டரிக்கு அப்படிப் பிரிந்த தாள்தான் வேண்டும். நான் இங்கே பெரிய தொட்டிகளில் செய்வதும் அதே வேலைதான்.

அந்தத் தண்ணீரில் இல்வா எப்போதும் கையை விட்டுக்கொண்டே இருப்பாள். "மீன்தோல் தண்ணி" என்று பெயர் வைத்திருந்தாள். அந்தக் கையைக் கண்ணாடியில் வைத்தால் தாள் அங்கே ஒட்டிக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு மெல்லிசு. ஆனால் நீராவி பட்டால், தாள் இருக்கிற இடத்தில் தண்ணீர் பரவாமல் மணி மணியாக நிற்கும். இங்கே தினமும் பார்க்கிற சோதனைதான் இது. கண்ணாடித் துண்டில் பூசி, வாயால் ஊதி மூச்சு விட்டுப் பார்ப்போம். தாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று மூச்சு காட்டிக் கொடுத்துவிடும். மூச்சு விடுவது பைவியின் வேலை. பின்லாந்துக்காரி, கெட்டிக்காரி. எனக்கு ஆஸ்துமா என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

கண்ணாடியைத் துடைத்தால் மேலே இருக்கிற தாள்கள் போகும். கண்ணாடியோடு ஒட்டின கடைசித் தாள் லேசில் போகாது. ஆனாலும் நீ துடைக்காதே தோருன். தயவுசெய்து துடைக்காதே. ஏற்கெனவே மோதிர விரல் பாதிதான் இருக்கிறது.

உயரத்தைப் பற்றி யோசிக்காதே. ஜன்னலுக்கு என் சம்மதத்தைத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

இங்கே சூரியன் இப்போதே சீக்கிரம் போய்விடுகிறது. நீ அனுப்பின கம்பளி சாக்ஸ் வந்தது, நன்றி.

உன்
ஸ்டெய்னார்


ஹெல்லெவோக்
அக்டோபர் 26

ஸ்டெய்னார்,

உன் பாடம் புரிந்தது. தாள், சோப்பு, தண்ணீர் எல்லாம் புரிந்தது. இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல்.

மோதிர விரல் பாதிதான் இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும்?

நான் "சின்னக் கை" என்றுதான் எழுதினேன். விரலைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. போட்டோ அனுப்பவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பாத்திரத்தை ஏற்றினேன். நீ சொன்னது சரி. மோதிர விரல் நடுவில் நின்றுவிடுகிறது. நானே அதுவரை கவனிக்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீ அதைப் பார்த்திருக்கிறாய்.

உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தேன். ஜன்னலை ஏன் திறந்தே வைத்தாய்? கண்ணாடி வேர்க்கக் கூடாது என்று. ஏன் மாதக்கணக்கில் பீட்சா? அதில் நீராவி வராது என்று. உனக்கு ஆஸ்துமாவாம். மலையேறும்போது என்னை இழுத்துக்கொண்டு ஓடுகிற மனுஷனுக்கு ஆஸ்துமா. இப்போதும் உன்னால் ஒரு கண்ணாடியில் மூச்சு விட முடியவில்லை, அதுதானே?

நான் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன். நீ இங்கே அவள் கையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வடக்கே வேலை என்று போய்விட்டாய்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். நான் இத்தனை நாள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறேன் தெரியுமா? அந்தக் காய்ச்சல் நாளில் நான் படகுக்கு வேலைக்குப் போனேன். குழந்தை உடம்பு சுட்டுக் கிடக்கும்போது அம்மா அப்பம் சுடப் போனாள். அதனால் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் நீ போனாய். இப்படி நினைத்துக்கொண்டுதான் காலையில் எழுந்திருக்கிறேன், இதையே நினைத்துக்கொண்டுதான் பல் தேய்க்கிறேன். அது சரியா தப்பா, அதை எழுது.

நேற்று மத்தியானம் தட்டுகள் கிணுகிணுத்தன. பழைய படகுதான் இல்லையே. நான் எழுந்து பார்க்கவில்லை.

தோருன்


பூடோ
நவம்பர் 4

என் தோருன்,

தப்பு. நீ நினைத்தது முழுக்கத் தப்பு. இதைத்தான் முதல் வரியில் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

அந்தக் காலையில் உன்னைப் போகச் சொன்னது நான். "லேசான சூடுதான், போய்ட்டு வா, நான் இருக்கேன்ல" என்றேன். டாக்டரும் மத்தியானம் வரை சாதாரணக் காய்ச்சல் என்றுதான் சொன்னார். சாயங்காலம்தான் மூளைக்காய்ச்சல் என்று தெரிந்தது. நீ பக்கத்தில் இருந்திருந்தாலும் அது அப்படித்தான் போயிருக்கும். நான் பக்கத்திலேயே இருந்தேன், போய்விட்டதே. உன்மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை.

கையைப் பார்த்தேன். அவள் போன வருஷம், மார்ச் மாதம். நீ படுக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லை, ஏதாவது சூடாகக் கொடுக்கலாம் என்று மீன் சூப்பு வைத்தேன். கொதித்தது. கண்ணாடியில் அவள் கை வந்தது. எப்படி வந்தது என்று எனக்கு உடனே தெரியும், அது என் தொழில். தெரிந்து என்ன? உன்னைக் கூப்பிட வாயைத் திறந்தேன். நீ அப்போது இருந்த இருப்பில், இதைக் காட்டினால் நீ பிழைக்க மாட்டாய் என்று பட்டது. துடைத்துவிடலாம் என்று துணியை எடுத்தேன். மோதிர விரலின் நுனியிலிருந்து அழுத்தித் தேய்த்தேன். பாதி விரல் போனது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அந்தப் பாதி விரல் நான் செய்தது தோருன்.

அதன் பிறகு ஜன்னல், பீட்சா, எல்லாம் நீ கண்டுபிடித்தபடிதான். உனக்குக் காட்டவும் முடியாது, அழிக்கவும் முடியாது, பார்த்துக்கொண்டு இருக்கவும் முடியாது. வேலை கிடைத்தது, போனேன். உன்னை விட்டுப் போக வேண்டும் என்று நினைக்கவே இல்லை. போன பிறகுதான் உன்னை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று உறைத்தது. அதற்குள் போனில் பேச வார்த்தை வராமல் போய்விட்டது.

உயரத்தையும் சொல்லிவிடுகிறேன். நீ திட்டினால் திட்டு.

நீ மத்தியானப் படகில் வரும் நாட்களில் நாங்கள் உனக்காகக் காத்திருப்போம். கூடத்து ஜன்னலிலிருந்து துறை தெரியாது, சமையலறையிலிருந்துதான் தெரியும். அதனால் அவளை மேடையில் ஏற்றி மண்டி போட வைப்பேன். உன் சட்டத்தை மீறித்தான். "அம்மாட்ட சொல்லக் கூடாது" என்பேன். அவளும் வாயில் விரல் வைத்துக் காட்டுவாள். உன்னிடம் அவள் சொல்லவே இல்லை பார், நாலு வயதில் என்ன அழுத்தம். படகு துறைக்கு வரும், தட்டுகள் ஆடும், அவள் கையைத் தூக்குவாள்.

ஒரு நாள் நான் மிக்ஸியில் அரைத்துக்கொண்டிருந்தேன், அவள் கை முழுக்க மீன்தோல் தண்ணி. "அப்பா, அம்மாவுக்கு அங்கேருந்து என் கை தெரியுமா?" என்றாள். "சின்னதா காட்டினா தெரியாது. நல்லா விரிச்சு கண்ணாடியில ஒட்டி வை, அப்பத் தெரியும்" என்றேன். விரலை எல்லாம் விரித்து அழுத்தி வைத்தாள். நீ துறையில் இறங்கி நடக்கிற வரைக்கும் எடுக்கவில்லை.

அவ்வளவுதான். ஜன்னலை மாற்ற வந்தால் பழைய கண்ணாடியைக் கேட்டு வாங்கிக்கொள். வேண்டாம் என்றால் போகட்டும். இந்தத் தடவை அதை நீ முடிவு செய்.

ஸ்டெய்னார்


ஹெல்லெவோக்
டிசம்பர் 5

அன்புள்ள ஸ்டெய்னார்,

ஒரு மாதமாக எழுதவில்லை. எழுத உட்காருவேன், "நீ துறையில் இறங்கி நடக்கிற வரைக்கும்" என்கிற வரி வந்து நிற்கும், எழுந்து போய்விடுவேன். உன்மேல் கோபம் இருக்கிறது. அது இப்போதைக்குப் போகாது, சேர்த்தே வைத்துக்கொள்.

ஜன்னல் முந்தாநாள் மாற்றினார்கள். காலையில் அவர்கள் வருவதற்கு முன்னால் நான்கு அடுப்பிலும் பாத்திரம் ஏற்றினேன். வீட்டில் இருக்கிற எல்லா உருளைக்கிழங்கும், மீதிப் பாத்திரங்களில் வெறும் தண்ணீர். கதவைச் சாத்திவிட்டேன். கண்ணாடி மேலிருந்து கீழ் வரை வேர்த்தது. இத்தனை நாள் நான் ஒரு பாத்திரம் வைத்ததில் பாதிக் கண்ணாடிதான் வேர்த்திருக்கிறது.

அவள் கை வந்தது. அப்புறம் அதற்கு மேலே, ஜன்னல் சட்டத்தின் ஓரமாக, இன்னொரு கை வந்தது. பெரியது. இடது கை. கட்டைவிரல் கொஞ்சம் வளைந்து, நீ எப்போதோ சுரங்கத்தில் நசுக்கிக்கொண்டாயே, அதே விரல். ஒரு கையால் அவள் விழாமல் பிடித்துக்கொண்டு, மறு கையைக் கண்ணாடியில் ஊன்றி நின்றிருக்கிறாய். உனக்கு இது தெரியாது. அந்த மார்ச் மாதம் உன் கண் அவள் கையை விட்டு நகர்ந்திருக்காது.

எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. லிதுவேனியாக்காரர் ஒருவர், மின்டாகஸ் என்று பெயர். உள்ளே வந்தார், நீராவியைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதைச் சட்டத்தோட கழட்டி ஓரமா வைக்கிறேன். கை படாம எடுக்கிறேன்" என்றார். ஓரத்தை மட்டும் பிடித்துக் கழற்றி இல்வாவின் அறைக்குக் கொண்டு வந்து கட்டிலின் மேல் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஓட்வார் வந்து, பழைய ஜன்னலை யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது, சங்க விதி என்றார். நான் அவரைப் பார்த்த பார்வையில் முதல் முறையாக ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு காபி குடித்துவிட்டுப் பேசாமல் போனார்.

புது ஜன்னல் வேர்ப்பதில்லை. அவர் சொன்னது சரி. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் தெளிவாக நிற்கிறது, துறை பளிச்சென்று தெரிகிறது. வீடு இப்போது இன்னும் சத்தமில்லாமல் இருக்கிறது. ஆனால் தட்டுகள் ஆடுவது நிற்கவில்லை. எல்லா நாளும் இல்லை. மத்தியானப் படகு நேரத்தில் மட்டும். நீ இதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பாய். எழுதாதே.

ராத்திரியில் அந்தக் கண்ணாடியில் மூச்சு விட்டுப் பார்க்கிறேன். ஒரு மூச்சுக்கு இரண்டு விரல், மூன்று விரல் தெரியும். அவள் கை இருக்கிறது. உன் கை இருக்கிறது. நான் மட்டும் அதில் இல்லை. நான் படகில் இருந்தேன்.

கேள், துறையிலிருந்து பார்த்தால் நம் ஜன்னல் கண்ணாடியில் வானத்தின் பிம்பம்தான் தெரியும். கையை எவ்வளவு விரித்து வைத்தாலும் தெரியாது. நான் ஒரு நாள்கூடத் திரும்பிக் கை அசைக்கவில்லை ஸ்டெய்னார். யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதே. பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கால் வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

அந்தப் பொடியில் ஒரு சிட்டிகை அனுப்பு. எவ்வளவு சோப்பு, எவ்வளவு தண்ணீர் என்று எழுது. நான் இன்னொரு மிக்ஸி வாங்கியிருக்கிறேன். அவள் கைக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. என் கையையும் வைக்க வேண்டும்.

நீ வர வேண்டாம். பொடியை மட்டும் அனுப்பு.

தோருன்


பூடோ
டிசம்பர் 12

தோருன்,

பொடியாக அனுப்பினால் பிரயோஜனம் இல்லை. மிக்ஸியில் அடித்ததே அன்றைக்கு ஒட்டியது தற்செயல், நிச்சயமாக ஒட்ட வேண்டுமென்றால் அடித்த பிறகு பிரிந்ததையும் பிரியாததையும் வேறுபடுத்த வேண்டும், அதற்கு இங்கே இயந்திரம் இருக்கிறது. பிரித்ததைக் காய வைத்தும் அனுப்ப முடியாது. காய்ந்தால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மறுபடி கல்லாகிவிடும். தண்ணீரிலேயேதான் இருக்க வேண்டும். வழியில் உறைந்தாலும் கெட்டுவிடும். தபால் ஆபீஸில் கேட்டேன். இந்தக் குளிரில் உறையாமல் கொண்டு போய்ச் சேர்ப்பதற்கு அவர்களால் உறுதி சொல்ல முடியாதாம்.

உன்னைக் கேட்காமல் ஒரு பாட்டில் தயார் செய்துவிட்டேன். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கக் கண்ணாடித் துண்டில் பூசினேன். பைவி சாப்பிடப் போயிருந்தாள். நானே மூச்சு விட்டேன். அவள் திரும்பி வந்து பார்த்துவிட்டு, "என்ன, ஆஸ்துமா சரியாயிடுச்சா?" என்றாள். ஆமாம் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்தாள். நல்ல பெண்.

சரக்கு நன்றாக வந்திருக்கிறது.

பாட்டிலைக் கோட்டுக்குள் உடம்போடு வைத்துக் கொண்டு வந்தால் உறையாது. கதவைத் திறக்க வேண்டாம் என்றால் திறக்காதே. வாசலில் வைத்து மணி அடித்துவிட்டு அடுத்த படகில் திரும்பிவிடுகிறேன். நீ சொல்.

என் கையும் அதில் இருக்கிறது என்று நீ எழுதியதை இன்னும் நம்ப முடியவில்லை.

ஸ்டெய்னார்


ஹெல்லெவோக்
டிசம்பர் 18

ஸ்டெய்னார்,

மத்தியானப் படகில் வா. எந்த நாள் என்று எழுது, அன்றைக்கு நான் வேலைக்குப் போக மாட்டேன். சமையலறை மேடையில் மண்டி போட்டு உட்கார்ந்திருப்பேன். என் சட்டத்தை நானே மீறுகிறேன், யாரிடமும் சொல்லாதே.

படகிலிருந்து உனக்கு நான் தெரிய மாட்டேன். ஜன்னலில் வானம்தான் தெரியும். இருந்தாலும் துறையில் இறங்கினதும் நம் வீட்டுப் பக்கம் திரும்பிக் கை அசை. நன்றாகத் தூக்கி, விரலை விரித்து அசை.

நான் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு உட்காருகிறேன்.

தோருன்